நாயுண்ணி: சொல் விளக்கம்

இலங்கையின் மலைநாட்டில் கைவிடப்பட்ட தேயிலை மலைகளிலும் பாதையோர மண்மேடுகளிலும் புதராக மண்டி, ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூக்கின்ற முட்செடியே நாயுண்ணி. தமிழகத்தில் இதனை உண்ணிச்செடி என்பர். எழுத்தில் இது 'லன்டானா' என்று வரும்போது, தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசைவீடாகிய லயத்துக்குப் பின்னால் நிற்கும் அதே செடிதான் என்பது பலருக்குப் புலப்படுவதில்லை.

லன்டானா என்பதும் இச்செடிக்கு இரவல் பெயரே. ஐரோப்பாவில் வளரும் வைபர்னம் என்னும் குறுமரத்துக்கு வழங்கிய பெயரை, பூங்கொத்தின் சாயல் கருதி, வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இதற்குச் சூட்டினர். 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் அதனை லன்டானா கமரா என்று பதிந்தார். சிங்களத்தில் இது கந்தபான. தமிழில் கந்தம் நறுமணமாகவே நிற்க, சிங்களப் பேச்சில் அதே சொல் நாற்றத்தைக் குறிக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தவர்கள் சிங்களப் பொருளையே ஏற்பர்.

உண்ணி என்பது 'உண்' என்னும் வினையடியோடு 'இ' விகுதி சேர்ந்து, உண்பது என்னும் பொருள் தருவது. தாவரவுண்ணி, ஊனுண்ணி என்னும் பாடநூற் சொற்களும் இவ்வாறு அமைந்தவையே. இங்கோ அது நாயின் காதில் அப்பிக் கிடக்கும் உண்ணியைச் சுட்டுகிறது. நெருங்கித் திரண்ட சிறு காய்களின் தோற்றமே இப்பெயருக்குக் காரணம் எனக் கொள்வது பொருந்தும். இதனை ஒட்டுண்ணி என்று எழுதுவது பிழை, ஏனெனில் இது தன் வேரில் நின்று தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. நாயுருவி முற்றிலும் வேறு செடி.

அடர்ந்த காட்டின் நிழலில் நாயுண்ணி செழிப்பதில்லை; மரம் வெட்டுண்ட வெளிகளிலும் தீப்பட்ட சரிவுகளிலும் காட்டின் ஓரங்களிலுமே அது முதலில் காலூன்றுகிறது. கறுத்துப் பழுத்த கனிகளைக் கொண்டைக்குருவிகள் தின்று விதையை எங்கும் கொண்டுசெல்ல, புதரின் அடர்ந்த நிழலும் அதன் இலைகளும் வேர்களும் மண்ணில் சேர்க்கும் வேதிப்பொருள்களும் பிற நாற்றுகளின் வளர்ச்சியை ஒடுக்குகின்றன. இதனால் ஊவா மாகாணத்தின் புல்வெளிகளில் நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை போன்ற மரங்கள் நிற்கும் இடங்களிலும், முதுமரம் சாய்ந்தபின் அதன் இடத்தை நிரப்ப இளமரம் இல்லாமற்போகும் நிலை உருவாகக்கூடும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும். வேரோடு அகழ்ந்தாலன்றி ஒழியாது. தின்ற மாட்டுக்கு ஈரல் பழுதுபட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும்.

இத்தகைய தாவரங்களைப் பொதுவாகச் சுட்ட 'அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரம்' என்று எழுதுகின்றனர். அந்நியர் என்ற சொல்லை, தம்மை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் தம்மீதே சுமந்த மலையகத் தமிழர் காதுக்கு அது உறுத்தும் என்பது ஒருபுறமிருக்க, பொருளாலும் அது பொருந்தவில்லை. தேயிலையும் உருளைக்கிழங்கும் அயலிலிருந்து வந்தவையே, ஆயினும் அவை நாயுண்ணிபோல் தாமாகப் பரவிக் காட்டோரங்களில் மண்டுவதில்லை. (தேயிலைக்காகக் காட்டை வெட்டியவர் மனிதர்.) குற்றம் வந்த இடத்தில் அன்று, பரவும் விதத்தில் இருப்பதால், 'ஆக்கிரமிப்புத் தாவரம்' என்பதே போதும், அயல்மூலத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அயல்' என்று முன்னால் சேர்க்கலாம்.

மலைநாட்டின் உயர்ந்த மேட்டுநிலமாகிய ஹோர்ட்டன் சமவெளியில் பரவிய ஐரோப்பிய மஞ்சட்பூ முட்செடியாகிய கோர்ஸுக்கு வழக்கில் ஊன்றிய தமிழ்ப்பெயர் இல்லாமையால், அதனைக் கோர்ஸ் என்றே எழுதுவது தகும். நாயுண்ணிக்கு அந்தத் தேவை இல்லை.