பக்: பூச்சியா, வழுவா?

மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘பக்’ என்று சொல்கிறார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. தமிழில் இந்த ஓசைக்கு ஏற்கெனவே வேறொரு வேலை இருக்கிறது, நெஞ்சு பக்கென்றது என்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தோளில் மாட்டும் நேரத்தில் ‘ப்ரொடக்‌ஷன்ல ஒரு பக் ப்ரோ’ என்று மெசேஜ் வந்தால் இரண்டு அர்த்தமும் ஒன்றாகவே பொருந்திவிடும்.

பொருள் எளிதுதான். ஒரு நிரல், அதாவது ப்ரோகிராம், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலோ, செய்யக் கூடாததைச் செய்தாலோ, அதற்குக் காரணமாக நிரலுக்குள் உட்கார்ந்திருக்கும் தவறுதான் பக். திரை உறைந்து நிற்பது பக் இல்லை, அது அறிகுறி. கரண்ட் போய் சர்வர் நின்றாலும் அது பக் ஆகாது. யாரோ ஒருவர் எழுதியதில் இருக்கும் தப்பு என்பதுதான் இந்தச் சொல்லின் மையம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த ‘யாரோ ஒருவர்’ என்பதை மறைப்பதற்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது, பூச்சி என்று பொருள்படும் இந்த ஆங்கிலச் சொல்.

இதன் பிறப்புக் கதை என்று எல்லோரும் சொல்வது அந்த விட்டில் பூச்சிக் கதை. 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி. ஒரு ரிலேயில், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சில், விட்டில் மாட்டிக்கொண்டு இயந்திரம் தகராறு செய்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, பூச்சி நிஜமாகவே கிடைத்த முதல் சம்பவம் இதுதான் என்று பக்கத்தில் எழுதி வைத்தார்கள். அந்தத் தாள், பூச்சியோடு, இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் கண்டுபிடித்தார் என்று வருஷா வருஷம் சுற்றிவரும் பார்வர்டு தப்பு; பூச்சியைப் பிடித்தது அவர் இல்லை, கதையை ஊர் முழுக்கச் சொல்லிப் பிரபலமாக்கியவர்தான் அவர். அதைவிட முக்கியம், குறிப்பில் இருக்கும் ‘நிஜமாகவே’ என்ற வார்த்தை. கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்ததால்தான் அந்த ஜோக் எழுதியவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

எவ்வளவு முன்பே? தாமஸ் எடிசன் 1878-இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே இது இருக்கிறது. யோசனை தோன்றிய பிறகு சின்னச் சின்னக் குறைகளும் தொந்தரவுகளும் தலைகாட்டும், அவற்றை ‘பக்’ என்பார்கள், அவற்றைக் களைய மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும் என்று எழுதுகிறார். கணினி என்ற பெட்டியே இல்லாத காலத்துப் பொறியாளர் பேச்சு அது.

இன்னும் பின்னால் போனால் பூச்சியே காணாமல் போய்விடுகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பேய், பூதம், இருட்டில் பயமுறுத்தும் ஏதோ ஒன்று என்பதுதான் பொருள். 1535-இல் வந்த ஆங்கில பைபிளில், 91-ஆம் சங்கீதத்தில், தமிழில் ‘இரவில் உண்டாகும் பயங்கரத்துக்கும்’ என்று வரும் இடத்தில் இதே சொல்தான் இருக்கிறது. பூச்சி என்ற பொருள் அடுத்த நூற்றாண்டில்தான் ஏறியது. இங்கே ஒரு தற்செயல் ஒற்றுமை: தமிழிலும் பூச்சி என்றால் வெறும் பூச்சி மட்டும் இல்லை. குழந்தைக்குப் ‘பூச்சி காட்டுவது’ என்றால் பயமுறுத்துவது, பூச்சாண்டி காட்டுவது. இரண்டு மொழிக்கும் தொடர்பு என்று யாராவது இதை வைத்து ஒரு வீடியோ போட்டுவிடாதீர்கள், அப்படி எதுவும் இல்லை.

சொல்லின் வரலாறு போதும். எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு குறை உண்டு, அதை நான் முதலில் சொல்லவில்லை, கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1988-லேயே சொல்லிவிட்டார். பக் என்று சொல்வதை நிறுத்துங்கள், பிழை என்று சொல்லுங்கள், அதுதான் நேர்மை, ஏனென்றால் பழி போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேரும் என்றார். நிரலர் பார்க்காத நேரத்தில் எங்கிருந்தோ ஊர்ந்து உள்ளே வந்துவிட்ட ஜந்து மாதிரிப் பேசுகிறோம், ஆனால் அது நிரலர் தன் கையால் எழுதி வைத்தது என்பது அவர் வாதம். கணினித் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறவர்களில் ஒருவர், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

கேட்காததில் என்ன நஷ்டம் என்றால், சொல்லை மழுப்புவது நிறுவனங்களுக்குப் பழகிவிட்டது. இதற்கு மோசமான உதாரணம் பிரிட்டனின் தபால் நிலைய விவகாரம். புஜிட்சு செய்துகொடுத்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் தப்புத் தப்பாகப் பற்றாக்குறை காட்டியது. அந்தப் பணத்தைக் கையாடல் செய்தார்கள் என்று கிளைத் தபால் நிலையங்களை நடத்தியவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ரா, 74,000 பவுண்டு திருடியதாகச் சொல்லி 2010 நவம்பரில் சிறைக்கு அனுப்பப்பட்டபோது 8 வாரக் கர்ப்பிணி, அன்று அவர் மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். தீர்ப்பு ரத்தாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் சொல் எங்கே வருகிறது? 2013-இல் ஒரு வெளி ஆய்வறிக்கை வரவிருந்த சமயம், தபால் நிலைய நிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி பவுலா வென்னெல்ஸ் ‘பக்’ என்ற வார்த்தைக்குப் பதிலாக உணர்ச்சியைக் கிளறாத வேறு சொல் வேண்டும் என்று தேடியிருக்கிறார். கணினி தெரிந்த அவருடைய கணவர், ‘விதிவிலக்கு’, ‘முரண்பாடு’ என்ற அர்த்தம் வரும் இரண்டு சொற்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார். 2024 விசாரணையில் இந்த மின்னஞ்சல் வெளியே வந்தது. பக் என்பதே ஏற்கெனவே மழுப்பல். அதற்கும் மேலே ஒரு போர்வையைத் தேடியிருக்கிறார்கள், அப்பாவிகள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்திருக்கும்போது.

நம் ஊர்ச் செய்திகளில் இந்தப் போர்வைக்குப் பெயர் ‘தொழில்நுட்பக் கோளாறு’. ரயில் டிக்கெட் தளம் படுத்துவிட்டதா, தேர்வு முடிவு தப்பாக வந்துவிட்டதா, ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டதா, எல்லாமே தொழில்நுட்பக் கோளாறு. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு உட்கார்ந்துவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் பலர் அதே இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். நடந்தது என்ன? கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பில் 21 புலங்கள் (தரவு நிரப்பும் இடங்கள்) இருக்கும் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது, அதற்குத் தரவு கொடுக்கும் நிரல் 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடிய நிரல் விழுந்தது, கூடவே கணினியும் விழுந்தது. அந்தப் புதுப்பிப்பை முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். அத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் தள்ளினார்கள். இதைக் கோளாறு என்று சொன்னால் ஏதோ கிரகம் சரியில்லை, சனிப்பெயர்ச்சி முடிந்தால் சரியாகிவிடும் என்பது போல இருக்கிறது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? பழுது என்றால் ஓடிக்கொண்டிருந்தது கெட்டுப்போவது, மிக்ஸி பழுதாகும். நிரல் தேய்வதில்லை, முதல் நாளிலிருந்தே அதில் அந்தத் தப்பு இருந்திருக்கிறது. குறை என்பது ரொம்ப அகலம், ரேஷன் கடைக் குறை வரைக்கும் போய்விடும். பிழை நல்ல சொல். தப்பு என்றும் பொருள், உயிர் பிழைப்பது என்றும் பொருள், மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர்களின் பிழைப்பே பிழையில்தான் இருக்கிறது என்று ஒரு கடி ஜோக்கும் இலவசம். ஆனால் திரையில் நிரல் காட்டும் எச்சரிக்கைக்கு, அதாவது ‘எரர்’ என்பதற்கு, அது ஏற்கெனவே போய்விட்டது. நீங்கள் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தால் வருவது பிழைச் செய்தி, சரியாக அடித்தும் அதே செய்தி வந்தால்தான் பக். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம்.

மிச்சம் இருப்பது வழு. மென்பொருள்களைத் தமிழாக்கம் செய்யும் தன்னார்வலர்கள் நெடுநாளாக இதைத்தான் எழுதுகிறார்கள். பலர் இதைப் பார்த்து ‘இதெல்லாம் யார் பேசுவார்கள்’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த அதே சொல்தான் இது. வழுவுதல் என்றால் சறுக்குவது, தவறிப்போவது. வழுக்குவதும் வழுவழுப்பும் இதன் சொந்தங்கள். ‘வழுக்கியும் வாயால் சொலல்’ என்று குறளில் வருவது வாய் தவறிக்கூடச் சொல்லிவிடுவதைத்தான். எங்கிருந்தோ வந்த ஜந்து இல்லை, செய்தவரின் சறுக்கல். டைக்ஸ்ட்ரா கேட்டது இதைத்தானே.

இதைவிடச் சிறப்பு, வழுவுக்கு இலக்கணத்தில் ஒரு வகைப்பாடே இருக்கிறது. ‘திணையே பாலிடம் பொழுது வினாஇறை மரபாம் ஏழும் மயங்கினாம் வழுவே’ என்கிறது நன்னூல். ‘செழியன் வந்தது’ என்றால் திணை வழு. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது எங்கோ கேட்ட மாதிரி இருக்குமே, ஒரு வகைத் தரவை இன்னொரு வகையின் இடத்தில் வைப்பது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியதற்குக் காரணம், 64 பிட் எண்ணை 16 பிட் இடத்துக்குள் திணிக்கப் பார்த்ததுதான். ‘இறை’ என்றால் விடை. கண்ணன் எங்கே என்று கேட்டால் கண்ணாடி பைக்குள் இருக்கிறது என்பது விடை வழு, பாடநூல் உதாரணம். இன்றைக்கு ஏஐ சாட்பாட்டுகள் இப்படிச் சொன்னால் அதற்கு ‘மாயத்தோற்றம்’ என்று என்னவோ யோகியின் அனுபவம் மாதிரி ஒரு பெயர். கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்ல, பயணி வழக்குப் போட, சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்று நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்காமல் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு.

அப்புறம் வழுவமைதி. இதற்குச் சமமான ஒற்றைச் சொல் ஆங்கில நிரலர்களிடம் கிடையாது என்பது என் கட்சி. வழுதான், ஆனால் ஒரு காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது போல. எக்செலைத் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாளே கிடையாது, 1900 லீப் ஆண்டு இல்லை. லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த தப்பு இது. அதன் கோப்புகள் எக்செலிலும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மைக்ரோசாப்ட் தெரிந்தே அப்படியே எடுத்துக்கொண்டது, இன்று வரை திருத்தவில்லை. திருத்தினால் உலகத்தில் உள்ள பழைய கணக்கேடுகளின் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும். முழுமையான வழுவமைதி. இணையத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று பிரவுசர் சொல்லும் ‘ரெஃபரர்’ என்ற தலைப்பு வரியிலும் ஆங்கில எழுத்துப் பிழை உண்டு, ஓர் எழுத்து குறைவு. தொண்ணூறுகளில் தரநிலையிலேயே ஏறிவிட்டதால் இப்போது சரியாக எழுதினால்தான் வேலை செய்யாது.

ஆனால் வழுவமைதி என்பதற்கு ஒரு எல்லை வேண்டும். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்று பெயர் வைத்திருந்த மனித மரபணுக்களை எக்செல் தானாகத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது, ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகள் கெட்டன. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரை மாற்றியதாக அறிவித்தார்கள். அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்க எக்செலில் ஒரு வசதி வந்தது 2023-இல். இதற்குப் பெயர் அமைதி இல்லை, அடாவடி. ‘அது பக் இல்லை, ஃபீச்சர்’ என்று புகார் டிக்கெட்டை மூடுகிறவர்களும் இந்த ரகம்தான். காரணம் சொல்ல முடிந்தால் வழுவமைதி, முடியாவிட்டால் வெறும் வழு.

ஸ்டாண்டப் என்ற தினசரி அலுவலக மீட்டிங்கில் நின்றுகொண்டு யாரும் ‘நேற்று இரண்டு வழு முடித்தேன்’ என்று சொல்லப்போவதில்லை, சொல்லச் சொல்லவும் இல்லை. பேச்சில் பக் இருந்துவிட்டுப் போகட்டும். செய்தி எழுதுகிறவர்களும் அறிவிப்பு விடுகிறவர்களும்தான் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்பதை விட்டுவிட்டு ‘மென்பொருள் வழு’ என்று எழுதிப் பார்க்க வேண்டும், அடுத்த கேள்வி யாருடைய வழு என்று தானாக வரும். மற்ற வடிவங்கள் சுலபம்: பக் ரிப்போர்ட் வழு அறிக்கை, டீபக் செய்வது வழு நீக்குவது, அதற்கான கருவி வழுநீக்கி. பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குக் காசு கொடுக்கும் ‘பக் பவுண்டி’க்கு மட்டும் வழுப்பரிசு என்று போட்டால், தப்பு செய்தவருக்கே பரிசு கொடுப்பது போலத் தொனிக்கிறது.