புகை அலாரம்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது

வயரிங் வேலைக்குப் போகிற வீட்டில் சீலிங்கில் புகை அலாரம் தெரிந்தால், அதன் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன். பல வீடுகளில் சத்தமே வராது. கழற்றிப் பார்த்தால் பேட்டரி இருக்காது. "தாளிச்சாலே கத்துது சார், அதான் எடுத்து ரிமோட்ல போட்டுட்டோம்" என்பார்கள்.

வீட்டுக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. அதை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டியவரைத்தான் சொல்ல வேண்டும். வற்றல் மிளகாய் வறுக்கிற வீட்டில், அடுப்பிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளித்தான் அலாரம் இருக்க வேண்டும். பூஜை அறை வாசலும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் அது அலற ஆரம்பித்துவிடும்.

சரி, எங்கேதான் மாட்டுவது? முதல் இடம், படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடை அல்லது ஹால். ஏசி போட்டுக் கதவை மூடித் தூங்குபவர்கள் அறைக்குள்ளும் ஒன்று வைப்பது நல்லது. வழக்கமான அலாரத்தின் சத்தம் மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல். மூடிய கதவைத் தாண்டும்போது அது நிறையக் குறைந்துவிடும். தீப்பிடித்தால் வாசனையே எழுப்பிவிடும் என்று நம்பாதீர்கள். தூக்கத்தில் மூக்கு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கோ வாசனையே கிடையாது.

நம் வீடுகளில் பெரிய சிக்கல் சீலிங் ஃபேன். சுற்றுகிற காற்று புகையைத் தள்ளிவிடும் என்பதால், இறக்கை நுனியிலிருந்து மூன்றடியாவது விலகி இருக்க வேண்டும். ஏசி காற்று நேராக அடிக்கிற இடமும் ஆகாது. சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் புகை சரியாகப் போய்ச் சேராது, அங்கிருந்து நாலு அங்குலம் தள்ளி மாட்டுங்கள்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஆபீஸ்களில் கண்ட்ரோல் பேனலோடு இணைக்கிற டிடெக்டரும் வீட்டு அலாரமும் பார்க்க ஒரே மாதிரி வட்டமாக இருக்கும். முதலாவது விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி சீலிங்கில் திருகிவிட்டால், பேனல் இல்லாமல் அது சும்மா அலங்காரம்தான். பேட்டரியில் தனியாக இயங்குமா, உள்ளேயே சைரன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் இஎன் 14604 அல்லது யூஎல் 217 என்ற தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும் 'ஃபோட்டோ எலக்ட்ரிக்' வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். மெத்தை, சோபா, வயர் உறை போல மெதுவாகக் கனன்று புகைகிறவற்றை அது சீக்கிரம் பிடிக்கும், தாளிப்புக்கும் அவ்வளவாகக் கத்தாது.

இது கேஸ் கசிவைக் காட்டாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம்தான் தங்கும். அதற்குத் தனிக் கருவியைச் சமையலறையில் தாழ்வாக வைக்க வேண்டும்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டன், அப்புறம் சிலந்தி வலையும் தூசியும் சேராமல் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு தட்டு. நிமிடத்துக்கு ஒரு தடவை 'கீச்' என்றால் பெரும்பாலும் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். இல்லாவிட்டால் பெயிண்டர் அதன் மேலேயே ஒரு கோட் அடித்துவிட்டுப் போய்விடுவார், புகை நுழையும் துளை அடைபட்டுவிடும். பின்புறம் அச்சிட்ட தயாரிப்புத் தேதியிலிருந்து பத்து வருடம் ஆனால், டெஸ்ட்டில் சத்தம் வந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, அலாரம் கத்தினால் வெளியே ஓட வழி வேண்டும். அபார்ட்மெண்ட்களில் ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை பீரோவுக்குள் வைக்கிறார்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியையும் அதே வாசலோரம் சார்ஜில் போடுகிறார்கள். சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் மாட்டுங்கள், சார்ஜரை வாசலிலிருந்து நகர்த்துங்கள். லிஃப்டைத் தொடாமல் படியில் இறங்கி, வெளியே வந்த பிறகு 101 அல்லது 112-க்கு அழையுங்கள்.