மதகடியில் சொன்ன "வடிவு"

ஒரு உயர்தர மாணவியைத் தாய் உளவள ஆலோசகரான என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். இரசாயனவியல் ரியூசனுக்குப் போகாமல் ஒன்பது கிழமை ஆகியிருந்தது. "படிப்பில மனமில்லை மிஸ், நீங்கள் ஒருக்கா வடிவாக் கதைச்சுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மூன்றாவது சந்திப்பில்தான் விசயம் வந்தது. வகுப்புக்குப் போகிற ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு மதகு. பின்னேரம் ஐந்து மணிக்கு நாலைந்து பெடியள் அதில் இருப்பார்கள். அவர்களில் ஒருவன் இவள் சைக்கிள் கிட்ட வரும்போது தினமும் ஒரே வசனம் சொல்வான்: "இண்டைக்கு நல்ல வடிவு." அவ்வளவுதான். தொடவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. "இதைப் போய் என்னெண்டு வீட்டில சொல்லுறது மிஸ்? வடிவெண்டுதானே சொன்னவன்" என்றாள்.

அந்த வசனத்துக்காக அவள் என்னென்ன செய்தாள் என்று கேட்டேன். முதலில் பூ வைப்பதை விட்டாள். பிறகு உடுப்பை மாற்றினாள். பத்து நிமிசம் முந்திப் போய்ப் பார்த்தாள், பிந்திப் போய்ப் பார்த்தாள். சுற்றுப் பாதையால் போனால் வழியில் ஆளில்லாத வளவு ஒன்று, அது இதைவிடப் பயம். கடைசியில் தலையிடி என்று வீட்டிலேயே நின்றுவிட்டாள். சொன்னவனுக்கு இரண்டு விநாடி வேலை. இவளுக்கு அது மத்தியானம் சோறு சாப்பிடும்போதே தொடங்கிவிடும்.

பாடசாலைகளில் பெடியளோடு பேசப் போகும்போது இதை வேறு பக்கத்தால் தொடுவேன். "உன்ர தங்கச்சிக்கு இப்படி ஒருத்தன் சொன்னால்?" என்று கேட்பதை விட்டுக் கனகாலம். அந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு ஆணின் தங்கச்சி என்பதால்தான் ஒரு பெண்ணுக்கு மரியாதை என்று அது சொல்லாமல் சொல்கிறது. அண்ணன் இல்லாத பெட்டை என்ன செய்வாள்? அதனால் இப்போது ஒரு கேள்விதான் கேட்கிறேன். "நீங்கள் வடிவெண்டு சொல்லுறீங்கள். அவ திரும்பிப் பார்க்காமல் போறா. அடுத்தது என்ன சொல்லுவீங்கள்?"

முதலில் சிரிப்பு. பிறகு பின்வாங்கிலிருந்து ஒருவன் சொல்வான்: "பெரிய ரம்பை எண்டு நினைப்பு." இன்னொருவன்: "மூஞ்சியப் பார்." வகுப்பு முழுக்கச் சிரித்து ஓயும்வரை நான் பேசாமல் நிற்பேன். ஒரு நிமிசத்துக்கு முதல் வடிவாயிருந்த முகம் எப்படி மூஞ்சியானது என்று ஒருவனாவது யோசிக்கத் தொடங்குவான். பாராட்டு என்றால் கேட்டவர் பேசாமல் போனாலும் அது பாராட்டாகவே கிடக்கும். பதில் வராத உடனே வசையாக மாறுவது ஆரம்பத்திலிருந்தே வேறொன்று. அதிலும் சொன்னவனின் கண் பாதி நேரம் அவளில் இல்லை, பக்கத்தில் இருக்கும் சிநேகிதர்கள் சிரிக்கிறார்களா என்பதில்தான்.

இதையெல்லாம் நாங்கள் "பகிடி" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். பல்கலைக்கழகத்தில் நடப்பதற்கு மட்டும் பகிடியோடு வதையை ஒட்டிப் பகிடிவதை (ராகிங்) என்கிறோம், அதற்கு இலங்கையில் 1998இல் தனிச் சட்டமும் வந்தது. ஒழுங்கையில் நடப்பது இன்னும் வெறும் பகிடிதான். ஆனால் சட்டத்துக்கு அது பகிடி இல்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, தொடுவதை மட்டுமல்ல, சொல்லாலோ செயலாலோ கொடுக்கும் பாலியல் தொந்தரவையும் குற்றம் என்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். "நல்ல வடிவு" என்ற சொல் மட்டும் நீதிமன்றம் வரை போகுமா என்பது வேறு கதை. பின்தொடர்வதும், வழிமறிப்பதும், ஆபாசமாகப் பேசுவதும் நிச்சயமாக முறையிடக் கூடியவை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிஸின் உதவியைத் தேடியவர்கள் வெறும் 4 வீதம்.

மீதிப் பேர் ஏன் போகவில்லை என்பதை அந்தப் பிள்ளையின் தாயிடம் கண்டேன். மகள் சொன்னதைக் கேட்டதும் அவர் வாயில் முதலில் வந்தது, "நீ ஏன் அந்த ஒழுங்கையால போனனீ?" பிறகு, "நாங்களும் இதெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தனாங்கள், குனிஞ்ச தலை நிமிராமல் போகோணும்." நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் என்ன கேட்டனீங்கள் என்று மட்டும் கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். 1997ஆம் ஆண்டு, ஆமிச் சென்ரியில் (காவலரணில்) சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டிய காலம். நின்றவன் ஏதோ சொன்னான், மற்றவன் சிரித்தான். பாஷை விளங்கவில்லை, ஆனால் என்ன சொன்னான் என்று விளங்கியது. அதற்கு இரண்டு நாள் கழித்து, சொந்த ஊர்ச் சந்தியில், சொந்தத் தமிழில், தெரிந்த ஒரு பெடியன் சொன்னது. அதை வசனம் பிசகாமல் சொன்னார். என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பதும் ஞாபகம் இருந்தது. கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் இத்தனை வருசம் அது உள்ளே கிடந்திருக்குமா என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. மகள் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனப்போக்கு மாறுகிறதா என்று கேட்பவர்களுக்கு நான் மதகடியைக் காட்டுவதில்லை, வீட்டுக் குசினியைக் காட்டுவேன். பிள்ளை வந்து சொல்லும்போது "ஏன் போனனீ" என்பதற்குப் பதிலாக "என்ன சொன்னவன், நீ என்ன செய்தனீ, நான் என்ன செய்யோணும்" என்று கேட்கும் தாய்மாரை இப்போது காண்கிறேன். தகப்பன்மார் குறைவு. அவர்கள் நேரே மதகடிக்கு அடிக்கப் போய்விடுவார்கள் என்ற பயத்திலேயே பிள்ளைகள் சொல்வதில்லை. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், பொலிஸ் நிலையத்தில் சிறுவர் பெண்கள் பிரிவு இருக்கும். தனியப் போகத் தேவையில்லை.

அந்தத் தாய் என் ஆலோசனை எதையும் கேட்கவில்லை. அடுத்த கிழமை மகளோடு தானும் ஒரு சைக்கிளில் போய், மதகடியில் இறங்கி, "தம்பி, நீ ஆற்ற பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். அவன் தகப்பன் பெயரைச் சொல்லுமுன் மற்ற மூன்று பேரும் எழும்பிவிட்டார்களாம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒழுங்கையில் இது சரிவந்தது. நகரத்துப் பஸ் நிலையத்திலோ நல்லூர்த் திருவிழாச் சனத்திலோ யாரை ஆற்ற பிள்ளை என்று கேட்பது? அங்கே பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவர் "தம்பி, என்ன கதை இது" என்று கேட்டால்தான் உண்டு.

போன மாதம் ஒரு பாடசாலையில் பேசி முடிந்து கேற்றடிக்கு வரும்போது, பின்வாங்குக்காரன் ஒருவன் வந்து நின்றான். "அப்ப மிஸ், உண்மையாவே ஒருத்தி வடிவா இருந்தால் என்ன செய்யிறது?"

"அவவின்ர பேர் தெரியுமோ?"

"இல்லை மிஸ்."

"உங்கட பேர் அவவுக்கு?"

யோசித்தான். "அதுவும் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தான்.