மேட்டில் கைகொடுக்கும் 250 வாட்

சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டி ஓட்டுவது உண்மையில் கடினமான வேலையன்று. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ எடை என்று கொண்டால், டயர் உருளும்போது எழும் தடையையும் காற்றின் தடையையும் ஈடுகட்ட ஏறத்தாழ 50 வாட் திறன் போதும். பயிற்சி பெறாத, ஆனால் நலமாக உள்ள ஒருவரின் கால்கள் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 100 வாட் என்பதால், அதில் பாதிதான் இங்கே செலவாகிறது. அப்படியிருந்தும் ஆசையாக வாங்கிய மிதிவண்டியைப் பலர் சில மாதங்களில் சுவரோரம் சாத்திவிடுகிறார்கள். இந்தச் சராசரிக் கணக்கில் அதற்கான காரணம் தென்படாது. வழியில் குறுக்கிடும் மேடு, எதிர்க்காற்று, சிக்னல்தோறும் நின்று புறப்படும் தொல்லை ஆகியவற்றில்தான் அதைத் தேட வேண்டும். மின்மிதிவண்டியின் சிறிய மோட்டார் கைகொடுப்பதும் அங்கேதான்.

20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரும் ஒரு சாதாரண ஏற்றத்தில் அதே 15 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க சுமார் 235 வாட் தேவைப்படும். 100 வாட் மட்டுமே தரக்கூடியவரின் வேகம் அங்கே 7 கிலோமீட்டராகச் சரிந்து, வண்டி தள்ளாடத் தொடங்கும். நின்ற நிலையிலிருந்து 5 நொடிகளில் 20 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, அந்த நொடிகளில் சராசரியாக 270 வாட்டுக்கு மேல் வேண்டும். 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். பல மின்மிதிவண்டிகளில் உள்ள 250 வாட் மோட்டார், ஓர் இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கு அளவே கொண்டது. ஆனால் மேற்சொன்ன பற்றாக்குறைகள் ஒவ்வொன்றையும் நிரப்ப அந்தச் சிறிய அளவே போதுமானதாக இருக்கிறது.

வியர்வையின் கணக்கும் இதோடு சேர்ந்தது. நம் தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டுமே மிதிக்கும் வேலையாக மாற்றுகின்றன; மீதி முழுவதும் வெப்பமாகிறது. ஆகவே 235 வாட் உழைப்பைக் கால்களே தர நேர்ந்தால் உடல் 700 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். மேட்டில் வேகம் குறைந்துவிட்டால் காற்றும் உடலை அவ்வளவாகக் குளிர்விக்காது. வேலைக்குப் போகிறவருக்கு நனைந்த சட்டையோடு போய் நிற்காமல் இருப்பது வேகத்தைக் காட்டிலும் பெரிய லாபம் என்றே நான் கருதுகிறேன்.

மோட்டார் பொருத்திய மிதிவண்டி புதிய எண்ணமன்று. பின்சக்கரத்தின் மையத்தில் மோட்டார் அமைந்த வண்டிக்கு அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் 1895ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் இன்றைய மின்மிதிவண்டியின் தனித்தன்மை மோட்டாரைவிட, அது எப்போது, எவ்வளவு உதவ வேண்டும் என்று தீர்மானிக்கும் உணரியில்தான் (சென்சார்) இருக்கிறது. எளிய வண்டிகளில் மிதியின் அச்சோடு சுழலும் காந்தங்கள், மிதி சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்கின்றன. ஒருவர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால் மிதித்துச் சற்று நேரம் கழித்தே மோட்டார் விழிக்கும், கால் நின்ற பிறகும் ஒரு கணம் தள்ளும். பிரேக் கைப்பிடியிலேயே மோட்டாரை நிறுத்தும் சுவிட்சை வைப்பது இந்தக் காரணத்தால்தான்.

மேம்பட்ட வண்டிகள் முறுக்குவிசையை, அதாவது கால் மிதியின் அச்சைத் திருகும் விசையை, அளக்கின்றன. நாம் மிதிக்கும்போது மிதிகளை இணைக்கும் எஃகு அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முறுகுகிறது. அந்த முறுகலை நுண்ணிய உணரி மின்குறிப்பாக மாற்ற, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவியான கன்ட்ரோலர் அதை நொடிக்குப் பலமுறை படித்து, கால் தரும் விசைக்கு ஏற்ற விகிதத்தில் மோட்டாருக்கு மின்னோட்டத்தை அனுப்புகிறது. 1993இல் யமஹா ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டி இந்த விகித உதவியைத்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓட்டுபவருக்கு ஏதோ இயந்திரம் தன்னை இழுத்துச் செல்வதாகத் தோன்றாமல், தன் கால்களுக்கே திடீரென்று வலிமை கூடிவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான். அதேசமயம் மிதிக்காமல் உதவி கிடைக்காது என்பதால் உடல் உழைப்பும் முற்றிலும் விட்டுப்போவதில்லை.

மோட்டார் சக்கரத்தின் மையத்தில் இருக்கலாம், அல்லது மிதிகளுக்கு நடுவே இருக்கலாம். நடுவே இருந்தால் அதன் விசை சங்கிலி வழியாகச் செல்வதால், வண்டியின் கியர்கள் காலுக்கு உதவுவதைப் போலவே மோட்டாருக்கும் உதவுகின்றன. செங்குத்தான மேடுகளுக்கு இதுவே ஏற்றது. ஆனால் சங்கிலி சீக்கிரம் தேயும். சமதள ஊரில் தினமும் சில கிலோமீட்டர் செல்பவருக்குச் சக்கர மோட்டாரே தாராளம்.

வழக்கமான 36 வோல்ட் பேட்டரியில் 3.6 வோல்ட் லித்தியம் அயனிக் கலங்கள் பத்துப் பத்தாகத் தொடர் இணைப்பில் கோக்கப்பட்டிருக்கும். ஒரு வாட் திறன் ஒரு மணி நேரம் செலவாவதே ஒரு வாட்-மணி. 500 வாட்-மணி கொண்ட பேட்டரியில் உள்ள மொத்த ஆற்றல், ஏறத்தாழ 55 மில்லிலிட்டர் பெட்ரோலில் அடங்கியிருப்பதுதான். ஆயினும் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி என்ற அளவில் செலவானால் அதைக் கொண்டு 50 கிலோமீட்டர் போய்விடலாம். விளம்பரங்களில் வரும் தொலைவு பெரும்பாலும் குறைந்த உதவியில், இதமான வானிலையில் கிடைப்பது. மேடும் குளிரும் அதைக் கணிசமாகக் குறைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். இது கட்டுப்பாடாகத் தோன்றினாலும் இயற்பியலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறது: சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 160 வாட் போதும், 35 கிலோமீட்டருக்கோ 390 வாட் வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது ஆற்றலை மீட்டு பேட்டரியை நிரப்பலாமே என்று பலரும் கேட்பதுண்டு. 100 கிலோ எடையோடு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் சேமித்தாலும் 0.7 வாட்-மணிகூடத் தேறாது என்பதால், நீண்ட இறக்கங்கள் உள்ள பாதையைத் தவிர வேறெங்கும் அதனால் பெரிய பயனில்லை. வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சமும் சமதளத்தில் தேவையற்றது. பேட்டரியும் மோட்டாரும் கூட்டும் 10 கிலோ எடை அங்கே 3 வாட் அளவுக்கே கூடுதலாகக் கேட்கும். அதே எடை, முன்பு சொன்ன மேட்டில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 20 வாட்டுக்கு மேல் கேட்கும்.