பழைய ஹிமாலயன், புதிய ஹிமாலயன்: வண்டி மாறினால் கையும் மாற வேண்டும்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ நாலைந்து வருடம் ஓட்டிவிட்டு 450-க்கு மாறுகிறவர்கள் சர்வீஸுக்கு வரும்போது சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "மேட்டுல முக்குது", "செயின் தட்டுது", "டிராஃபிக்ல ஃபேன் ஓயாம ஓடுது". வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் அதில் கோளாறு எதுவும் இருக்காது. பழைய வண்டியில் பழகிய கை புதிய வண்டியையும் அதே மாதிரி ஓட்டுகிறது, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. 450-ஐப் பற்றிப் படித்துவிட்டு, விலை கட்டாமல் பழைய 411-ஐ வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் 120-ல் விரட்டுகிறவர்கள். முதல் வகைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். இரண்டாவது வகைக்குச் செலவு வைக்கும்.

பெயர் ஒன்றுதான், இரண்டுக்கும் பொதுவான எஞ்சின் பாகம் எதுவும் கிடையாது. 2016-இல் வந்த 411-இன் எஞ்சின் காற்றாலும் ஆயிலாலும் குளிர்வது. சிலிண்டர் விட்டம் 78 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 86 மி.மீ.; இரண்டு வால்வு, ஐந்து கியர். 6500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 24.5 குதிரைத்திறன்; டார்க், அதாவது இழுக்கும் திருப்புவிசை, 32 நியூட்டன் மீட்டர். 2023 நவம்பரில் வந்த 450-இல் இருப்பது 452 சிசி 'ஷெர்பா' எஞ்சின். கூலன்ட்டால் குளிர்வது. விட்டம் 84, ஸ்ட்ரோக் 81.5 மி.மீ.; நான்கு வால்வு, இரட்டை கேம், ஆறு கியர். 8000 ஆர்பிஎம்மில் 40 குதிரைத்திறன், 5500-இல் 40 நியூட்டன் மீட்டர்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது அந்த 24-ஐயும் 40-ஐயும். மெக்கானிக் பார்ப்பது ஸ்ட்ரோக்கை. 411-இல் ஸ்ட்ரோக் நீளம், விட்டம் சிறியது. அதனால் டார்க் கீழேயே, 4000-ஐ ஒட்டியே முழுசாகக் கிடைத்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் இரண்டாவது கியரை மாற்றாமலே ஏறலாம். ஆர்பிஎம் 2000-க்கு இறங்கினாலும் முனகிக்கொண்டே இழுத்துவிடும். 450-இல் விட்டம் பெரிது, ஸ்ட்ரோக் குட்டை. அது 3000-க்கு மேல்தான் விழித்துக்கொள்ளும், 5000-க்கு மேல்தான் பாடும். 411 பழக்கத்தில் மூன்றாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து 2200-இல் த்ராட்டிலைத் திறந்தால் எஞ்சின் குலுங்கும், செயின் ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அடிக்கும். ஓட்டுகிறவர் இதைத்தான் 'முக்குது' என்கிறார். தொடர்ந்து இப்படி ஓட்டினால் ஸ்ப்ராக்கெட் பல்லும், பின்சக்கரத்து ஹப்புக்குள் இருக்கும் குஷ் ரப்பரும் வயசுக்கு முன்பே தேயும். வளைவுக்கு முன்னாலேயே ஒரு கியர் குறைத்து, ஆர்பிஎம்மை 3500-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அலறுகிறதே என்று பயப்பட வேண்டாம், அது அலறுவதற்கென்றே கட்டப்பட்ட எஞ்சின்.

நெடுஞ்சாலையில் கதை தலைகீழ். 411 நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும் வேகம் 90 முதல் 100. மீட்டர் 120 காட்டும்தான், ஆனால் அங்கே எஞ்சினுக்கு மிச்சம் எதுவும் இல்லை. மே மாத வெயிலில் வேலூர் பக்கம் ஒரு மணி நேரம் 115-இல் பிடித்தால் ஆயில் சூடேறி நீர்த்துப்போகும், எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் குடிக்க ஆரம்பிக்கும். பயணத்தில் இருக்கும்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது ஆயில் கண்ணாடியைப் பாருங்கள். எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, வண்டியை நேராக நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பார்த்தால் அளவு பொய் சொல்லும். முன்னால் இருக்கும் ஆயில் கூலரின் இடுக்குகளில் சேறு காய்ந்து அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

450-க்கு 120 பெரிய விஷயமல்ல. அதற்குத் தனிக் கவனிப்பு வேண்டிய இடம் ரேடியேட்டர். 411 ஓட்டியவர்களுக்கு இது பழக்கமே இல்லாத உறுப்பு. சிக்னலில் ஃபேன் ஓடுவதும், வண்டியை அணைத்த பின் காலில் சூடான காற்று படுவதும் சாதாரணம்தான். கோளாறு வருவது வேறு வழிகளில். கூலன்ட் குறைந்திருக்கிறது என்று போர்வெல் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து, ஒன்றிரண்டு வருடத்தில் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். நடுவழியில் வேறு வழியே இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஊர் வந்து சேருங்கள், வந்ததும் முழுவதையும் வடித்துவிட்டுக் கையேடு சொல்லும் கூலன்ட்டை நிரப்புங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சும். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை முன்பக்கத்திலிருந்து நெருக்கிப் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிவிடும். சாதாரண குழாய்த் தண்ணீரைக் குறைந்த வேகத்தில், முடிந்தவரை பின்பக்கத்திலிருந்து விட்டால் சேறு தானாக வெளியே வரும். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அங்கே இனிப்பு வாசத்தோடு சொட்டு தெரிந்தால் உள்ளே சீல் போகிறது என்று அர்த்தம். சொட்டு நிற்கட்டும் என்று அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அடைத்தால் கூலன்ட் பேரிங் பக்கமும் ஆயில் பக்கமும் வழி தேடும்.

உயரத்தைப் பற்றிச் சொல்லாமல் ஹிமாலயனைப் பற்றிப் பேச முடியாது. லடாக்கின் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அதே கணக்கில் சக்தியை இழக்கும். ஆக லடாக் கணவாயில் 450-க்கு மிஞ்சுவது, சமவெளியில் 411-க்கு இருக்கும் சக்தியைவிடச் சற்றுக் குறைவு. பின்னால் ஆளும் இரண்டு பெட்டியும் வைத்துப் போகிறவர்களுக்கு மாறுவதற்கு உண்மையான காரணம் இதுதான். 411-இலும் ஆண்டைப் பார்க்க வேண்டும். 2016-இன் முதல் வண்டிகள் கார்புரேட்டர் கொண்டவை. மேலே போகப் போகக் காற்று குறையும், பெட்ரோல் குறையாது. பிளக் கரி பிடித்துக் கறுத்துவிடும். 2017-இல் பிஎஸ்-4 புகை விதி வந்ததிலிருந்து ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், அதில் இந்தத் தொல்லை இல்லை.

முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. இரண்டு வண்டியிலும் இதுவேதான். அதை நம்பிப் பழைய ட்யூபைப் பையில் எடுத்துப் போகிறவர்கள் வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். முன் டயர் இரண்டுக்கும் 90/90-21, அந்த ட்யூப் பொருந்தும். பின் டயர் 411-க்கு 120/90-17, 450-க்கு 140/80-17. சின்ன ட்யூபைப் பெரிய டயருக்குள் போட்டால் ரப்பர் இழுபட்டு மெலிந்து, சூட்டில் கிழியும். 450 வந்தபோது ட்யூப் சக்கரத்தோடுதான் வந்தது, ட்யூப் இல்லாத ஸ்போக் சக்கரம் பிறகுதான் கிடைத்தது. ஆகவே பழைய 450 வாங்கும்போது எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ட்யூப்லெஸ் இருந்தாலும் முன்சக்கரத்துக்கு ஒரு ட்யூப் கையில் இருக்கட்டும். கல்லில் மோதி ரிம் நெளிந்தால் விளிம்பு வழியே காற்று போகும், பஞ்சர் கிட்டால் அதை அடைக்க முடியாது. இன்னொன்று: 411-இல் சென்டர் ஸ்டாண்டு கூடவே வந்தது, 450-க்குத் தனியாக வாங்க வேண்டும். சக்கரத்தைக் கழற்ற வேண்டிய நாளில்தான் அதன் அருமை தெரியும்.

முன் ஃபோர்க்கில் ஒரு வித்தியாசம் பலர் கண்ணுக்குப் படுவதில்லை. 411-இல் 41 மி.மீ. சாதா ஃபோர்க். ஆயில் சீல் கசிந்தால் மேலே ஒரு வளையமாகத் தெரியும், கசிவு லேசாக இருக்கும்போதே கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். 450-இன் 43 மி.மீ. ஷோவா ஃபோர்க் தலைகீழ் வகை. மினுமினுக்கும் குழாயும் சீலும் கீழே, சேறும் கல்லும் தெறிக்கும் இடத்தில் இருக்கின்றன. கசிந்தால் ஆயில் நேராக பிரேக் காலிப்பர் பக்கம் இறங்கும். பேடில் பட்டால் பிரேக் பிடிக்காது, பேடையே மாற்ற வேண்டும். மண் ரோட்டில் ஓட்டி வந்த அன்றே ஈரத்துணியால் அந்தக் குழாயைத் துடைத்துவிடுங்கள், காய்ந்த சேறுதான் சீலை அறுப்பது.

இனி, பழைய 411 வாங்கப் போகிறவர்களுக்கு. உற்பத்தி 2023-இல் நின்றதால் நல்ல வண்டிகள் சந்தையில் நிறையவே கிடைக்கின்றன. 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 40 சதவீதமான பிறகு அவற்றின் மேல் கண் வைப்பவர்களும் கூடிவிட்டார்கள். முதலில் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்னால் அமுக்க முன்சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்ல இடமிருந்து வலம் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல் இருந்தால் பேரிங் போய்விட்டது. இந்த வண்டியில் அடிக்கடி பார்ப்பது இதுதான், செலவு பெரிதல்ல, விலையில் குறைத்துக்கொள்ளலாம். பிறகு பின்பக்கம் கிராப் ரெயிலைப் பிடித்து மேலே தூக்குங்கள். சக்கரம் எழும் முன்பே கொஞ்சம் ஆட்டம் தெரிந்தால் மோனோஷாக் (பின்பக்க ஒற்றை ஷாக் அப்சார்பர்) லிங்கேஜ் புஷ்கள் கிரீஸ் காணாமல் தேய்ந்திருக்கின்றன. ஸ்டியரிங் தலைக்குக் கீழே ஃபிரேம் வெல்டுகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போல் துருக்கோடு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஐந்தாவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் மேட்டில் முழுசாகத் திறந்தால் வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறதா? கிளட்ச் பிளேட் முடிந்தது. 2018-இன் பிற்பகுதிக்கு முந்தைய வண்டிகளில் ஏபிஎஸ் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். டாப்பெட் சத்தம் (வால்வு இடைவெளி கூடினால் வரும் 'டிக் டிக்') பயப்பட வேண்டிய ஒன்றல்ல. திருகும் லாக்நட்டும் வைத்த அமைப்பு, ஃபீலர் கேஜ் பிடிக்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் சரிசெய்வார். 450-இல் அந்த இடைவெளிக்கு ஷிம் (அளவெடுத்த சின்ன உலோக வில்லை) மாற்ற வேண்டும். அதை மரத்தடியில் செய்யும் வேலையாக நினைக்காதீர்கள்.

மின்சார விஷயத்தில் 450-க்கு விதி எளிது: வயரை வெட்டி ஒட்டாதீர்கள். கூடுதல் விளக்கு வேண்டுமானால் பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸும் ரிலேவும் வைத்து எடுங்கள். த்ராட்டிலுக்கு கேபிளே இல்லை, ஆகவே உபரியாக எடுத்துப் போக வேண்டியது கிளட்ச் கேபிள் மட்டும். 411-க்கு இரண்டும் வேண்டும். 450-இன் பின் பிரேக் விளக்கு இண்டிகேட்டர்களுக்குள்ளேயே இருக்கிறது. சேடில் பேக்கைத் தொங்கவிட்டு அந்த இரண்டையும் மறைத்துவிட்டால் பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாது. பையைக் கட்டியபின் ஒருவரை பிரேக் அமுக்கச் சொல்லி, பத்தடி பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.