ஆகாத குப்பை: ஒரு சொல் விளக்கம்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் குப்பை என்றால் வீசி எறிகிற பொருள் அல்ல. மாட்டுச் சாணியும் கூளமும் அடுப்புச் சாம்பலும் குழியில் கிடந்து மக்கினால் அதுதான் குப்பை. கோடை மழைக்குப் பின் வண்டியில் ஏற்றிக் காட்டுக்கு அடிப்பார்கள். "எத்தனை வண்டி குப்பை அடிச்சீங்க?" என்று கேட்பது அந்த வருச வெள்ளாமையைப் பற்றிய விசாரிப்பு. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல் என்றுதான் பொருள். நற்றிணையில் உமணர் விற்கிற உப்பு 'குன்று போல் குப்பை'யாகக் குவிந்திருக்கிறது.

கழிவு என்ற சொல்லும் இங்கே அவ்வளவு கேவலமானதல்ல. கழித்தல் என்றால் நீக்குதல், கணக்கில் குறைத்தல். ஆனால் நூல் மில்லில் கழிகிற பஞ்சை இன்னொரு மில் காசு கொடுத்து வாங்கி மறுபடி நூலாக்குகிறது. திருப்பூரில் பனியன் வெட்டித் தள்ளிய துண்டுத்துணிக்கும் விலை உண்டு.

ஆகவே ட்யூப்லைட்டையும் காலாவதியான மாத்திரையையும் பூச்சி மருந்து டப்பாவையும் வெறுமனே குப்பை, கழிவு என்று சொன்னால், அவை செய்கிற கெடுதல் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. அடைமொழி ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஆங்கிலத்தில் 'ஹசார்டஸ் வேஸ்ட்' என்கிறார்கள். ஹசார்ட் என்பது பழைய பிரெஞ்சில் ஒரு பகடையாட்டத்தின் பெயர்; அரபியிலிருந்து வந்தது என்றும் சொல்வதுண்டு. என்ன விழும் என்று தெரியாத ஆட்டம், பிறகு எந்த ஆபத்துக்கும் பெயராகிவிட்டது. நாம் அதை 'அபாயகரமான கழிவு' என்று எழுதுகிறோம். அபாயம் வடசொல். பொருள் சரிதான், ஆனால் வீட்டு வாசலில் நின்று யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'நச்சுக் கழிவு' என்றால் பாதிதான் அடங்கும்: சர்க்கரை நோய்க்குப் போட்ட இன்சுலின் ஊசி நஞ்சல்ல, குத்தினால் ஆபத்து. தவிர, பூச்சிக்கொல்லியையே 'மருந்து' என்று சொல்லிப் பழகிய ஊர் இது. எழுத்துக்கு எனக்குப் பிடித்தது 'தீங்குக் கழிவு'. மார்கழி விடியலில் 'தீங்கின்றி நாடெல்லாம்' என்று பாடுகிற நமக்குத் தீங்கு தெரியாத சொல்லா?

பேச்சுக்கு அதைவிட நல்ல சொல்லை நான் குப்பைக் குழியில் கண்டேன். சின்ன வயதில் ஒரு நாள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தோட்டத்து வீடான சாளைக்குப் பின்னால் குப்பை வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியில் ஏதோ தட்டியது. குனிந்து எடுத்தால் பேட்டரி லைட்டில் போடுகிற கட்டை ஒன்று. தகரம் அரித்து, உள்ளிருந்து கறுப்பு மை மாதிரி ஒழுகியிருந்தது. அதை நான்தான் போட்டிருந்தேன். அவர் திட்டவில்லை. கட்டையைச் சுற்றி இருந்த குப்பையையும் ஒரு கூடை அள்ளித் தனியாக வைத்துவிட்டு, "இது காட்டுக்கு ஆகாது கண்ணு" என்றார்.

ஆகாது. கத்திரிக்காய் உடம்புக்கு ஆகாது, அவனுக்கும் இவனுக்கும் ஆகாது என்றெல்லாம் நாள் முழுக்கச் சொல்கிற சொல். பயனில்லை என்பதோடு ஒத்துக்கொள்ளாது, கெடுதி செய்யும் என்பதையும் அது சொல்லிவிடும். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஏற்கனவே பழகியாகிவிட்டது. மூன்றாவதாக 'ஆகாத குப்பை' என்று சேர்த்துக்கொண்டால் எந்த அம்முச்சிக்கும், எந்தப் பாட்டிக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை இப்படித்தான் மூன்றாகப் பிரிக்கச் சொன்னது. பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்துக் கேன், சி.எஃப்.எல். பல்பு, ட்யூப்லைட், பழைய மாத்திரை, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி எல்லாம் அதில் மூன்றாவது வகையில் அடங்கின. இவற்றை வாங்கிவைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையமாவது வேண்டும் என்றும் அதில் இருந்தது.

இன்னொரு சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். 'அப்புறப்படுத்துதல்.' அப்புறம் என்றால் அந்தப் பக்கம். நாம் செய்வதும் அதுதான்: வேலிக்கு அந்தப் பக்கம், நொய்யல் கரைக்கு அந்தப் பக்கம். திருப்பூர்ச் சாயக்கழிவு அந்தப் பக்கம் போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவர்கள் நாம். ஆகாத குப்பைக்கு 'ஒப்படைத்தல்' என்பதே சரியான வினை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, இன்னதென்று சொல்லிக் கொடுப்பது.

ட்யூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. புதுசு வாங்கிய அட்டைக்குள்ளேயே பழசைச் செருகி வைக்கலாம். உடைந்துவிட்டால் சன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பி, கால் மணி நேரம் கழித்து அட்டையால் வழித்து மூடி போட்ட பாட்டிலில் போட வேண்டும். விளக்குமாறு போட்டால் தூள் பறக்கும். பூச்சி மருந்துக் கேனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிக்கிற டேங்கிலேயே ஊற்றி, கேனில் ஓட்டை போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் யாராவது அதில் குடிதண்ணீர் பிடித்துவிடுவார்கள். ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு இறுக மூடினால் போதும். செல்போன் பேட்டரியின் முனையில் டேப் ஒட்டுவது முக்கியம், குப்பை லாரியில் தீப்பிடிக்க ஒரு உரசல் போதும்.

எங்கள் வீட்டில் இவற்றுக்கென்று ஒரு பழைய பெயிண்ட் வாளி இருக்கிறது. காலையில் வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா பாதி நாள் கையுறை இல்லாமல்தான் பிரிக்கிறார். வாளியை அவர் கையில் கொடுக்கும்போது, "இது ஆகாததுங்க்கா, உள்ளே ஊசி இருக்குங்க" என்று சொல்லித்தான் கொடுப்போம். அவர் அதை வண்டியின் முன்பக்கம் மாட்டியிருக்கும் தனிச் சாக்கில் வைத்துக்கொள்வார்.