பந்து எங்கே என்று காதுக்கு எப்படித் தெரிகிறது?

பார்வையற்றோர் ஆடும் கோல்பால் ஆட்டத்தில் பந்தை எறிவதற்கு முன் நடுவர் அரங்கத்தை அமைதியாக இருக்கச் சொல்வார். அவ்வளவுதான், பார்வையாளர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். எங்கோ ஒரு கைபேசி ஒலித்தால்கூட ஆட்டம் கெட்டுவிடும். களத்தில் அணிக்கு மூன்று பேராக ஆறு பேர். எல்லோருடைய கண்களும் மூடிக் கட்டப்பட்டிருக்கும். கொஞ்சம் பார்வை உள்ளவருக்கும் அறவே இல்லாதவருக்கும் வித்தியாசம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கட்டு.

இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக, ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் லோரன்சனும் ஜெர்மனியைச் சேர்ந்த செப் ரைண்டிலும் 1946இல் உருவாக்கிய ஆட்டம் இது. 1976இல் டொரான்டோ பாராலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது. வேறொரு விளையாட்டைச் சுருக்கி, சலுகை கொடுத்துச் செய்ததல்ல. தொடக்கத்திலிருந்தே காதை நம்பிப் பிறந்தது. எனக்கு இதைப் பிடிப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

பந்தின் எடை 1.25 கிலோ. உள்ளே மணிகள், மேலே எட்டுத் துளைகள். ஓசை வெளியே வருவதற்குத்தான் அந்தத் துளைகள். களத்தின் நீளம் 18 மீட்டர். முன்னணி ஆண் வீரர்கள் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் எறிகிறார்கள். அந்த வேகத்தில் பந்து களத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடிதான் ஆகும். அதற்குள் பந்து வரும் திசையைக் கண்டுபிடித்து, 9 மீட்டர் அகலக் கோலின் முன்னால் பக்கவாட்டில் பாய்ந்து, உடம்பை நீட்டித் தடுக்க வேண்டும்.

இது எப்படி முடிகிறது? இரண்டு காதுகளுக்கும் நடுவே தலை இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து வரும் ஓசை வலக்காதை முதலில் எட்டும். இடக்காதுக்குப் போக அது தலையைச் சுற்றிக் கூடுதல் தூரம் போக வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். ஆகவே, நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஓசைக்குக்கூட இந்தத் தாமதம் ஒரு நொடியில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு அளவுதான். பந்து நடுப்பக்கம் வர வர அது இன்னும் குறையும். நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நுண்ணிய வித்தியாசத்தையும் மூளை பிடித்துவிடுகிறது. சுருதி உயர்ந்த ஒலிகளுக்கு இன்னொரு குறிப்பும் உண்டு: தலை மறைப்பதால் மறுபக்கக் காதில் ஓசை மங்கலாகக் கேட்கும்.

கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது சாவிக்கொத்தைக் குலுக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கவாட்டில் குலுக்கினால் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். நேர் முன்னாலோ பின்னாலோ குலுக்கினால் குழப்பம் வரலாம். இரண்டு காதுக்கும் ஓசை ஒரே நேரத்தில் வருகிறதல்லவா? தலையை லேசாகத் திருப்பினால் குழப்பம் தீரும்.

பார்வையற்றவர்களுக்குக் காதே தனி வகை என்று பலர் நினைக்கிறார்கள். காது எல்லோருக்கும் ஒன்றுதான். அது தரும் தகவலை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம்தான் வேறு, அது உழைத்துப் பெற்றது.

சரி, பந்தின் இடம் ஓசையில் தெரிகிறது. தான் நிற்கும் இடம்? களத்தின் கோடுகளுக்கு அடியில் கயிறு வைத்து மேலே நாடா ஒட்டியிருப்பார்கள். விரலாலோ காலாலோ தடவினால் தெரிந்துவிடும்.

பார்வையற்றோர் கால்பந்தில் வேறொரு சிக்கல்: எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ளலாம். அதனால் பந்தை நெருங்குபவர் "வோய்" என்று குரல் கொடுத்தாக வேண்டும். ஸ்பானிய மொழியில் 'நான் வருகிறேன்' என்பது போன்ற சொல். சொல்லாவிட்டால் தவறு. கோல்காப்பாளருக்குப் பார்வை உண்டு. எதிரணிக் கோலுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டி குரலால் திசை சொல்வார். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் சிறு உலோகக் குண்டுகள் இருக்கும். தோளுக்குக் கீழிருந்து, தரையில் பட்டு எழும்படி வீசுவார்கள். பந்து நின்றுவிட்டால் ஓசையும் நின்றுவிடுமே!

தண்ணீருக்குள் இந்தக் கணக்கெல்லாம் தடுமாறும். அங்கே ஒலி நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் இரு காதுகளுக்கு இடையிலான தாமதம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். போதாததற்கு நீரை அடிக்கும் சத்தம் வேறு. எனவே நீச்சலில் தொடுகைதான் கைகொடுக்கிறது: சுவர் நெருங்கும்போது கரையில் நிற்பவர், நுனியில் மென்மையான பொருள் கட்டிய கழியால் வீரரின் தலையிலோ முதுகிலோ ஒரு தட்டு தட்டுவார். தட்டும் நேரம் சற்றுப் பிசகினாலும் கை சுவரில் மோதும், அல்லது திரும்புவது தாமதமாகும். இருவரும் சேர்ந்து நாள்கணக்கில் பழகுவது இதற்காகத்தான்.

செவித்திறன் குறைந்தவர்களுக்கு நிலைமை நேர் எதிர். அவர்களுக்கான உலகப் போட்டி பாராலிம்பிக்கைவிடப் பழையது: 1924இல் பாரிஸில் 9 நாடுகளின் 148 வீரர்களுடன் தொடங்கியது, இப்போது டெஃப்லிம்பிக்ஸ் என்கிறார்கள். நன்றாகக் கேட்கும் காதிலும் குறைந்தது 55 டெசிபல் கேட்புக் குறைவு இருப்பவர்கள்தான் பங்கேற்கலாம். போட்டியின்போது செவிக்கருவியைக் கழற்றிவிட வேண்டும். கால்பந்து நடுவர் விசிலோடு கொடியையும் அசைப்பார். ஓட்டத்தில் துப்பாக்கிக்குப் பதிலாக விளக்கு: ஒவ்வொருவர் முன்னாலும் தரையில் வைத்திருப்பார்கள். சிவப்பு வந்தால் இடத்தில் அமர வேண்டும், மஞ்சளுக்கு இடுப்பைத் தூக்க வேண்டும், பச்சைக்குப் பாய வேண்டும்.

துப்பாக்கிச் சத்தம் முதல் ஓடுபாதையிலிருந்து எட்டாவது பாதைக்குப் போகவே நொடியில் நாற்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். கேட்பவர்களின் பெரிய போட்டிகளில் அதைச் சமன்படுத்த ஒவ்வொருவர் பின்னாலும் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். விளக்கு எரியும்போது எட்டுப் பேருக்கும் அது ஒரே கணத்தில் தெரிகிறது.